விசாரணைக்காக வைத்த அடுப்பு

நான் ஸ்வீடனுக்குப் போனதில்லை. அந்த மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் முந்நூறு நானூறு வருடங்களுக்கு முன்னால் அந்த நாட்டுக் குடியானவன் வீட்டு வாசலில் யார் யார் வந்து நின்றார்கள், எதை எதை எண்ணிக்கொண்டு போனார்கள் என்று கேட்டால் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவேன். தர்மபுரியில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லித்தரும் கௌரவ விரிவுரையாளன் நான். தினமும் கடத்தூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி, பாதி வழி நின்றுகொண்டே போய்ப் பாடம் எடுத்துவிட்டு வருகிறவனுக்கு ஸ்வீடன் எதற்கு என்று என் மனைவியே கேட்டிருக்கிறாள். எம்.ஃபில். படித்தபோது என் வழிகாட்டியின் அலமாரியில் அந்த நாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் நாலைந்து புத்தகங்கள் இருந்தன, வேறு யாரும் எடுக்காத தலைப்பு, அதனால் எடுத்தேன். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

ஐரோப்பிய வரலாற்றுத் தாளில் அரசுகள் உருவான கதை ஓர் அலகு. பிரான்ஸ், இங்கிலாந்து எல்லாம் முடிந்தபின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருப்பது ஸ்வீடன். அதிலிருந்து கேள்வி வராது என்பதால் மற்றவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். நான் இரண்டு வாரம் நடத்துவேன். பழைய வரலாற்றாசிரியர்களுக்கு எல்லாமே ராஜாக்கள்தான் என்று தொடங்குவேன். ஒரு ராஜா தேவாலயத்துச் சொத்தைப் பிடுங்கிக் கஜானாவில் போட்டார், இன்னொரு ராஜா படையைக் கட்டினார், நாடு எழுந்தது, அவ்வளவுதான். அடுத்து வந்தவர்கள் அந்தப் படையில் இருந்தது யார் என்று கேட்டார்கள். குடியானவர்களைக் கூட்டம் கூட்டமாக நிறுத்தி, கூட்டத்துக்கு ஒருவனைப் பொறுக்கிக் கடல் தாண்டி அனுப்பினார்கள். போனவர்களில் பாதிப் பேர் சண்டையைப் பார்ப்பதற்கு முன்பே முகாமில் காய்ச்சல் வந்து செத்தார்கள். இந்த வரலாற்றாசிரியர்களுக்கு ஸ்வீடன் ஒரு ராணுவ அரசு. ஆள் குறைந்த குளிர் நாடு, தன் ஆண்களை எண்ணி எண்ணிச் செலவழித்த நாடு.

மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. குடியானவன் சும்மா தலையைக் குனிந்துகொண்டு நிற்கவில்லை என்பது அவர்கள் வாதம். நாட்டின் சபையில் அவனுக்கும் இடம் இருந்தது, ஊர் மன்றத்தில் வாய் திறந்து பேசினான், வரியைக் குறை என்று மனுப் போட்டான், அரசும் சில சமயம் இறங்கி வந்தது. மேலே இருந்து கட்டியதால் மட்டும் அந்த அரசு நிற்கவில்லை, கீழே இருந்தவர்கள் அதனிடம் கேட்டுக்கொண்டே இருந்ததாலும் நின்றது. நான் இந்தக் கட்சி. என் ஆய்வேடே மனுக்களைப் பற்றியதுதான். அதிலும் சிப்பாய்களின் மனைவிமார் போட்ட மனுக்கள்.

சில பண்ணைகள் சேர்ந்து ஒரு சிப்பாயை வைத்துக்கொள்ள வேண்டும், அவனுக்கு ஒரு குடிசையும் துண்டு நிலமும் தர வேண்டும் என்று ஓர் ஏற்பாடு பிற்காலத்தில் அங்கே வந்தது. சிப்பாய் செத்தால் குடிசை அடுத்த சிப்பாய்க்கு. செத்தவன் மனைவி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். சில பெண்கள் குடிசையை விடாமல் இருப்பதற்காக அடுத்து வந்த சிப்பாயையே கட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் மனுப் போட்டார்கள். அந்த மனுக்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். நான் ஏழை, தனியாள், கடவுளையும் அரசரையும் விட்டால் எனக்கு நாதியில்லை என்ற போக்கில்தான் எழுதியிருக்கும். ஊர்ப் பதிவேட்டைப் புரட்டினால் அவர்களில் சிலருக்கு அண்ணனோ தம்பியோ பக்கத்துப் பண்ணையிலேயே இருப்பான்.

ஒரு முறை இதை நடத்தும்போது இரண்டாவது பெஞ்சு மாணவி ஒருத்தி எழுந்து, "சார், அப்ப அந்தம்மா பொய் சொல்லுச்சுங்களா?" என்று கேட்டாள்.

"பொய் இல்லம்மா. மனுவுக்குன்னு ஒரு பாஷை இருக்குது. எந்த வார்த்தையச் சொன்னா அரசாங்கத்துக்குக் காது கேக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. வார்த்தைய அப்படியே நம்பக் கூடாது, அதை வச்சு அவங்க என்னா சாதிச்சாங்கன்னு பாக்கணும்" என்றேன். எனக்கே என் பதில் பிடித்திருந்தது. வகுப்பு முடிந்து ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு மூன்று வயது மூத்தவள். மாமா லாரி ஓட்டினார். வடக்கே போன இடத்தில் வண்டியிலேயே மாரடைப்பு வந்து போய்விட்டார். குழந்தை இல்லை. மாமா வீட்டில் முப்பதாம் நாள் வரைக்கும் பொறுத்தார்கள். பிறகு அவள் இரண்டு பைகளோடும் ஒரு மிக்ஸியோடும் எங்கள் வாசலில் வந்து நின்றாள். "கொஞ்ச நாளைக்குத்தான் தம்பி" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது உன் வீடு இல்லையா, யாரிடம் தவணை கேட்கிறாய் என்று கத்தினேன். அன்று உண்மையாகத்தான் கத்தினேன். அதை மட்டும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

அவள் வந்த பிறகு வீட்டில் வாரம் மூன்று நாள் களி. கட்டி தட்டாமல் களி கிண்டுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. சட்டியின் அடியில் பிடிக்கும் காந்தலுக்குச் சின்ன வயதில் நாங்கள் இருவரும் அடித்துக்கொள்வோம், கடைசியில் அவள்தான் விட்டுக்கொடுப்பாள். இப்போதும் அதைச் சுரண்டி என் தட்டில் ஓரமாக வைத்தாள். என் மனைவி பார்த்துச் சிரிப்பாள். அவர்கள் இருவருக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. ஆனால் அக்கா எப்போதும் கடைசியாகத்தான் சாப்பிட்டாள், டிவி ரிமோட்டை ஒரு நாளும் கையில் எடுத்ததில்லை. இதெல்லாம் அன்று என் கண்ணில் படவில்லை.

சத்துணவு மையங்களுக்குச் சமையல் உதவியாளர் எடுக்கப்போகிறார்கள் என்ற அறிவிப்பை அவள்தான் எங்கேயோ கேள்விப்பட்டு வந்தாள். ஆதரவற்ற விதவை என்று சான்று இருந்தால் முன்னுரிமை. "எனக்குன்னு ஒன்னு இருக்கட்டுமே தம்பி" என்றாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மனுக்களைப் பற்றி ஆய்வேடு எழுதியவன் வீட்டில் ஒரு மனு. இ-சேவை மையத்துக்கு நானே அழைத்துப் போய் விண்ணப்பத்தைப் போட்டேன்.

ஒரு வாரத்தில் வி.ஏ.ஓ. வந்தார். நல்ல மனிதர், என்னைவிட வயதில் சின்னவர், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். மோர் குடித்து முடிக்கும்வரை தயங்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். ஆதரவற்றவங்கன்னு போட்டிருக்கீங்க. ஆனா அந்தம்மா உங்க வூட்ல இருக்காங்க, உங்க அடுப்புலதான் சாப்பிடறாங்க. நீங்க காலேஜ் வாத்தியாரு. நான் என்னான்னு சார் எழுதறது?"

"அதுக்கு என்னா பண்ணலாம், சொல்லுங்க."

"தனி அடுப்பு இருந்தா தனிக் குடும்பம்னு எழுதிருவேங்க. பின்னால ஒரு ஷெட் இருக்குதில்ல? அங்க இருக்கிறதா காட்டுங்க. அக்காவ நான் பாத்துக்கலன்னு நீங்களும் ஒரு வாக்குமூலம் குடுக்கணும். ரெண்டு வரி போதும்."

நான் சிரித்துவிட்டேன். ஸ்வீடனிலும் கணக்கெடுக்க வந்தவர்கள் ஒரே பானையில் சாப்பிடுகிறவர்களை ஒரே வீடு என்றுதான் எழுதினார்கள் என்று அவருக்கு விளக்கினேன். எண்ணுவதற்கு அரசாங்கத்துக்கு ஏதாவது ஒன்று கண்ணில் படவேண்டும், மனசைப் பார்த்து எண்ண முடியாது, அதனால் அடுப்பைப் பார்க்கிறது என்றேன். அவர், "அப்பிடிங்களா சார்" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். சமையலறை வாசலில் நின்றிருந்த அக்கா மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த சந்தையில் ஒரு மண் அடுப்பு வாங்கிவந்தேன். பின்பக்கத்து ஷீட் கொட்டகையில் பழைய சைக்கிளையும் மூட்டைகளையும் நகர்த்திவிட்டு, அடுப்பு, இரண்டு பாத்திரம், ஒரு கயிற்றுக் கட்டில் எல்லாம் வைத்தோம். என் கெட்டிக்காரத்தனம் அதோடு நிற்கவில்லை. "புது அடுப்பு மாதிரி இருந்தா நம்பமாட்டாங்க. ரெண்டு நாள் எரிச்சு நல்லா கரி புடிக்க வை அக்கா" என்றேன். அவள் தென்னை மட்டையைப் போட்டு எரித்து, வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்தாள். நான் நடுவில் போய்ப் பார்த்து, கரி போதுமா என்று சோதித்தேன். அதை நினைத்தால் இப்போது எனக்கு என் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

விசாரணைக்கு வந்த அன்று சாட்சிக்குப் பக்கத்து வீட்டார் இரண்டு பேரும் இருந்தார்கள். வி.ஏ.ஓ. கொட்டகையை எட்டிப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். என் வாக்குமூலத்தைக் கேட்டார். அவர் கேட்டது இரண்டு வரி. நான் முதல் நாளே ஒரு முழுப் பக்கம் எழுதிவைத்திருந்தேன். எத்தனை மனுக்களைப் படித்தவன் நான், எந்த இடத்தில் எந்த வார்த்தை விழ வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? எனக்கென்று குடும்பம் இருக்கிறது, என் சகோதரியைப் பராமரிக்கும் நிலையிலும் மனநிலையிலும் நான் இல்லை, அவருடைய உணவுக்கோ உடைக்கோ மருத்துவத்துக்கோ நான் பொறுப்பேற்கவில்லை, இனியும் ஏற்க இயலாது, எங்களுக்குள் எந்த ஒட்டுறவும் இல்லை. இப்படிப் போகும். ஒரு இடத்தில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது.

வாக்குமூலம் என்றால் எல்லாருக்கும் முன்னால் படித்துக் காட்ட வேண்டும், அது முறை. கடைசி வரியே 'படித்துக் காட்டப்பட்டது, சரி என்று ஒப்புக்கொள்கிறேன்' என்றுதான் முடியும். வி.ஏ.ஓ. நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஒட்டுறவும் இல்லை என்ற இடம் வந்தபோது அவர் குரலே கொஞ்சம் இறங்கியது. நான் அக்காவைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தேன். இதெல்லாம் வெறும் வார்த்தை, உனக்குத் தெரியாததா என்ற அர்த்தத்தில். அவள் என்னைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவர் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தனக்கு யாருமில்லை என்று எழுதியிருந்த தன் தாளில் கையெழுத்துப் போட்டாள். பக்கத்து வீட்டம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று மதியம் மனைவி மூன்று தட்டு எடுத்துவைத்தாள். அக்கா வரவில்லை. கொட்டகையில் புகை தெரிந்தது. போய்ப் பார்த்தால் அந்த அடுப்பில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள்.

"விசாரண முடிஞ்சிருச்சிக்கா. வா, சாப்பிடலாம்."

"மேலதிகாரி ஆர்.ஐ. எப்ப வேணும்னாலும் பாக்க வருவாருன்னு வி.ஏ.ஓ. சொன்னாரே."

"அவரு வந்தா பாத்துக்கலாம். வா."

அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "எழுதிக் குடுத்துட்டு வந்து உக்காந்து சாப்பிட்டா எனக்கு வாய் கூசும் தம்பி. அத்தன பேர் முன்னால சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். நீயும் போட்டிருக்க."

"அது பேப்பருக்காக எழுதுனது!"

"தெரியுது. நல்லாத்தான் எழுதியிருந்த" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. என் பரீட்சை மார்க்கைக் கேட்டுவிட்டுச் சின்ன வயதில் எந்தக் குரலில் சொல்வாளோ அதே குரலில் சொன்னாள்.

நான் கத்தினேன். அறிவு இருக்கிறதா, ஊர் சிரிக்காதா என்றெல்லாம் கேட்டேன். எனக்குக் கோபம் வந்தால் நியாயம் என் பக்கம் இருப்பதாகவே தோன்றும், அது என் வியாதி. என் மனைவி போய் அழுதுகொண்டு கூப்பிட்டாள். அவளிடம் அக்கா அன்பாகப் பேசினாள், அவளுக்குத் தலைவாரிவிட்டாள், குழம்பில் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். ஆனால் எங்கள் அடுப்பில் வெந்ததை அவள் அதற்குப் பிறகு தொடவில்லை. மனைவி மாதக்கணக்கில் பழைய பழக்கத்தில் மூன்று பேருக்கு உலை வைத்துக்கொண்டிருந்தாள். மிச்சத்தை நான் அடுத்த நாள் கல்லூரிக்குக் கட்டிக்கொண்டு போனேன்.

ஆர்.ஐ. வந்தாரா என்றால், வரவேயில்லை. சான்று மட்டும் வந்தது. வேலையும் கிடைத்தது, வத்தல்மலை அடிவாரத்தில் ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில். தினம் போய்வர முடியாது என்று அங்கேயே ஒரு அறை பார்த்துக்கொண்டாள். போகிற அன்று மிக்ஸியைக் கையில் எடுத்துக்கொண்டாள், மண் அடுப்பை அங்கேயே விட்டுவிட்டாள். பஸ் ஸ்டாப்புக்கு நான் பைகளைத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் வர நேரமாயிற்று. வரலாறு படித்தவன், வார்த்தைக்குப் பஞ்சமில்லாதவன், அந்தக் கால் மணி நேரத்தில் வெயிலைப் பற்றி மட்டும் பேசினேன்.

ஒரு மாதம் கழித்து வேலை நாளிலேயே லீவு போட்டுவிட்டு அவளைப் பார்க்கப் போனேன். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளிலாவது வீட்டுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடு என்று காலைப் பிடித்தாவது சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. பிள்ளைகள் வரிசையாகத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அக்கா வாளியோடு நடந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். ஒரு பையனிடம் முட்டையைக் கீழே போட்டதற்குப் பொய்க்கோபம் காட்டிவிட்டு வேறு முட்டை வைத்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன், அதில் சந்தேகமே இல்லை. பக்கத்தில் நின்றிருந்த தலைமையாசிரியை அம்மா திரும்பி, "யாரு இவங்க? உங்களுக்கு யாருமில்லன்னு சொன்னீங்களே" என்று கேட்டார். சும்மா கேட்டார், விசாரிப்பது போல்கூட இல்லை.

மலர்ந்த முகம் அப்படியே அடங்கியது. அக்கா வாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எங்க ஊர்க்காரருங்க டீச்சர். இந்தப் பக்கம் வந்திருக்காங்க போல."

"அப்படியா? சாப்பிட்டீங்களா சார்?" என்று என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். "வூட்ல சாப்பிட்டுத்தான் வந்திருப்பாங்க. இல்லீங்களா?"

காலையில் ஒரு டீயோடு கிளம்பி வந்தவன் நான். என் பசி அவளுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும், முப்பது வருடமாகத் தெரியும். "ஆமாங்க, சாப்பிட்டேன்" என்றேன். பிறந்ததிலிருந்து நான் அவளிடம் ங்க போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

தலைமையாசிரியை உள்ளே போன பிறகு கேட் வரைக்கும் என்னோடு வந்தாள். "தப்பா நெனச்சுக்காத தம்பி. அந்தம்மா நல்லவங்கதான். ஆனா இந்த வேலைக்கு இன்னும் நாலு பேரு மனு போட்டிருந்தாங்க. தம்பி இருக்கான், காலேஜ்ல வேல பாக்கறான்னு தெரிஞ்சா யாராச்சும் எழுதிப் போட்ருவாங்க. இது போச்சுன்னா எனக்கு என்னா இருக்குது?" எனக்காகக் கேட்டைத் திறந்துவிட்டாள். "இனிமே பள்ளிக்கூடத்துக்கு வராத. ரூமுக்கும் வேணாம், அங்கயும் பாப்பாங்க. உன் வூட்டுக்காரிகிட்ட நான் கேட்டதா சொல்லு."

அடுக்கிக்கொண்டு போனதில் ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. வந்திருந்தாலும் என்ன பிரயோஜனம்? என் கையால் எழுதி, நாலு பேருக்கு முன்னால் படித்துக் காட்டி, சரி என்று ஒப்புக்கொண்டதை அவள் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் பிழைப்பு அந்தத் தாளில் இருக்கிறது.

இந்த வருடமும் ஸ்வீடன் நடத்தினேன். ராஜாக்கள், ராணுவ அரசு, மூன்றாவது கட்சி எல்லாம் சொன்னேன். விதவைகளின் மனுக்கள் வந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். மனுவோடு அரசாங்கத்தின் கோப்பு முடிந்துவிடுகிறது, குடிசை கிடைத்தது அல்லது கிடைக்கவில்லை என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான். எனக்கு யாருமில்லை என்று எழுதிக்கொடுத்த அந்தப் பெண் அதற்குப் பிறகு பக்கத்துப் பண்ணைத் தம்பியைத் தேவாலயத்து வாசலில் பார்த்தபோது என்ன செய்தாள், அவன் என்ன செய்தான் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. நானும் என் ஆய்வேட்டில் கேட்கவில்லை. வார்த்தையை நம்பக் கூடாது என்று எழுதி முதல் வகுப்பில் தேறியவன். அன்று பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரம் மனைவி கொட்டகையைச் சுத்தம் செய்தாள். "ஏங்க, இந்த அடுப்ப எடுத்துப் போட்டுரட்டுமா? அக்காதான் போயிட்டாங்களே" என்று கேட்டாள். மழைச்சாரல் பட்டு அடுப்பு ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது, கரி மட்டும் நன்றாகப் பிடித்திருந்தது.

"இருக்கட்டும். யாராச்சும் விசாரணைக்கு வந்தா காட்டணும்" என்றேன்.